பெரிய பிக்கப்பிலிருந்து நடுத்தர பிக்கப்புக்கு: படுகை வாழை வியாபாரக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இடையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது அந்தப் படுகைக் கிராமம். சொந்தமாக வாழை வைத்திருக்கும் ஒரு குடும்பம், அக்கம்பக்கத்துக் கொல்லைகளிலும் தாரும் இலையும் வாங்கித் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி காந்தி மார்க்கெட் ஆகிய இடங்களுக்கு அனுப்பி வருகிறது. கணவருக்கு 54 வயது, மனைவிக்கு 48. கொல்லை பார்ப்பதும் விலை பேசுவதும் அவர். கூலி, கடன், வரவு செலவு எல்லாம் அந்த அம்மா கையில். பதினொரு வருடமாக அவர்களிடம் ஒரே ஓட்டுநர். நான் அவர்களுக்குக் கணக்கு எழுதுபவன். நடந்ததை எழுதிக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். பெயர்களும் வண்டிக் கம்பெனிப் பெயர்களும் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

2017இல் அவர்கள் வாங்கியது 1.7 டன் ஏற்றும் பெரிய பிக்கப். பாடி 10 அடி நீளம், வண்டி முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 17 அடி. அப்போது அவர்களுக்கு நெல்லும் இருந்தது. 60 கிலோ மூட்டை 28 அடுக்கினால் 1,680 கிலோ. கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும், திரும்பும்போது உரம் வரும். அந்தக் கணக்குக்கு அந்த வண்டி பொருத்தமாகவே இருந்தது. அதில் யாரும் தப்புச் செய்யவில்லை.

பிறகு வேலை மாறிப்போனது. நெல் நிலத்தைத் தம்பி குடும்பம் பார்த்துக்கொண்டது. அறுவடை மெஷின் கொட்டுகிற நெல்லை டிராக்டர் டிரெய்லரே நேராகக் கொண்டுபோய்விடுகிறது. 2020க்குப் பிறகு அந்த பிக்கப்பில் நெல் ஏறியதே இல்லை என்று அம்மாவின் நோட்டு சொல்கிறது. தாரும் இலையும்தான். வண்டி மட்டும் நெல்லுக்கு வாங்கிய வண்டியாகவே இருந்தது.

2023 நவம்பர்: கரையில் நின்ற வண்டி

ஐப்பசி மழை நான்கு நாளாகப் பெய்துகொண்டிருந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்கு 1,500 தலைவாழை இலை பேசியிருந்தார்கள். மாலையில் அறுத்து, கட்டுக் கட்டி, இரவு பதினொரு மணிக்கு ஏற்றியாயிற்று. வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தபோது எதிரே டிரெய்லரோடு ஒரு டிராக்டர். ஒதுங்கப் பார்த்ததில் பின்சக்கரம் ஒன்று கரைச் சரிவில் இறங்கிவிட்டது. வண்டல் மண், நாலு நாள் மழை குடித்த கரை. ஏற ஏற இன்னும் இறங்கியது.

வந்த டிராக்டரே இழுத்துப் பார்த்தது, முடியவில்லை. கட்டுகளை இறக்கிக் கரையில் சருகு போட்டு அடுக்கினார்கள். விடிகாலை நாலு மணிக்கு இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து இரண்டும் சேர்ந்து இழுத்த பிறகுதான் வண்டி மேலே வந்தது. அதற்குக் கூலி 2,500. ஐந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டிய இலை ஒன்பது மணிக்குப் போனது. சமையல்காரர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருந்தார். இலை வாடி, பாதி விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் கணக்கு நோட்டோடு வந்தபோது அந்த அம்மா கேட்டார்: “சார், இந்த வண்டி நமக்கு வேணுமா? ரோட்டோரம் நிக்குது, கொல்லைக்குள்ள வரமாட்டேங்குது. வந்தா இப்படி ஆயிடுது.” கணவர் உடனே மறுத்தார். “பொங்கலுக்கு எதுல ஏத்துவே? வீட்டு வாசல்ல பெரிய வண்டி நின்னாத்தான் கொல்லைக்காரன் நம்பி அட்வான்ஸ் வாங்குவான்.” அவர் சொன்னதில் இரண்டாவது பாதியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழை வியாபாரம் நம்பிக்கையில் நடப்பது. ஆனால் முதல் பாதிக்கு நோட்டில் பதில் இருக்கும் என்று தோன்றியது. மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றேன்.

எழுதிப் பார்த்தது

2023 டிசம்பர் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை 91 நாள். ஓட்டுநர் ஒவ்வொரு ட்ரிப்பிலும் எத்தனை தார், எத்தனை கட்டு, வண்டி எங்கே நின்றது என்று எழுதினார். தினம் எடைமேடைக்குப் போக முடியாது. அதனால் முதல் வாரத்தில் நாலு நாள் மட்டும் ஏற்றிய வண்டியையும் வெறும் வண்டியையும் எடை போட்டு, தாருக்கும் கட்டுக்கும் ஒரு சராசரி எடுத்துக்கொண்டோம். பூவன் தார் 14 கிலோ, நூறு இலைக் கட்டு 11 கிலோ. மழையில் நனைந்த கட்டு 13 வரை போனது. இதை முதலில் நான் எதிர்பார்க்கவில்லை. இலை இடுக்கில் நிற்கிற தண்ணீரும் வண்டிக்குப் பாரம்தான்.

91 நாளில் வண்டி ஓடியது 81 நாள். அதில் 45 நாள் பாரம் 800 கிலோவுக்குள். 27 நாள் 800லிருந்து 1,200 வரை. 1,200ஐத் தாண்டியது 9 நாள் மட்டும். அந்த ஒன்பதில் ஆறு நாள் பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வந்தவை. ஆக, வருடத்தில் ஒரு வாரத்துக்காக மீதி நாளெல்லாம் 1.7 டன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, வண்டி எங்கே நிற்கிறது என்ற பத்தி. மாதத்துக்குப் பத்து நாள் போல, கொல்லையிலிருந்து 350, 400 மீட்டர் தள்ளித் தார் ரோட்டிலேயே வண்டி நின்றிருக்கிறது. அந்த நாட்களில் தாரைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். நாலு ஆள் வைத்தார்கள். சும்மாடு கட்டி, தலையில் ஒரு தாரும் கையில் ஒரு சிறு தாருமாக வரப்பில் நடப்பார்கள். ஏற்றி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். வண்டி கொல்லை ஓரம் வரை வந்த நாட்களில் அதே வேலைக்கு இரண்டு ஆள், ஒரு மணி நேரம்.

ஏன் வண்டி உள்ளே போகவில்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், கணவர், ஓட்டுநர் மூவரும் முடிச்சுப் போட்ட கயிற்றோடு பாதையை அளந்தோம். பாதை குறுகல் என்பதுதான் எல்லாரும் சொன்ன காரணம். அளந்து பார்த்தால், மிகக் குறுகிய இடமான மதகுப் பாலத்தில்கூட இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவே எட்டடி இருந்தது. வண்டியின் அகலம் ஐந்தரை அடிச் சொச்சம், கண்ணாடியோடு ஆறடிக்கு மேல். தாராளமாகப் போகும். நடுத்தர பிக்கப்புகளின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். சிக்கல் மதகு தாண்டியவுடன் இடது பக்கம் திரும்பும் வளைவில் இருந்தது. நீள வண்டிக்கு அங்கே முன்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் கரையைவிட்டு வெளியே போய்விடும். தப்பித் தவறி உள்ளே போனாலும் திருப்ப இடமில்லை, நானூறு மீட்டர் ரிவர்ஸில்தான் வர வேண்டும். இருட்டில், ஈரக் கரையில், யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

“அகலம் இல்லண்ணே, நீளம்தான்” என்று ஓட்டுநர் அங்கேயே சொன்னார். அவர் இதை வருடக்கணக்காகக் கைப்பழக்கத்தில் அறிந்திருக்க வேண்டும். யாரும் அவரைக் கேட்டதில்லை.

எடையும் ஒரு காரணம். பெரிய வண்டி ஓட்டுநரோடு வெறுமையாக எடைமேடையில் 1,850 கிலோ காட்டியது. நடுத்தர வண்டிகள் அதைவிட ஐந்நூறு கிலோ போலக் குறைவு. ஈரக் கரைக்கு இந்த ஐந்நூறு கிலோ பெரிய வித்தியாசம்.

முன்னிருந்த வழிகள்

நாலு வழி பேசினோம். பழையதையே வைத்துக்கொள்வது முதல் வழி. கடன் முடிந்த வண்டி, இ.எம்.ஐ. கிடையாது. ஆனால் 2025இல் எட்டு வருடம் முடிகிறது. சரக்கு வாகனத்துக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்குப் பிறகு வருடா வருடம். கடந்த ஒரு வருடத்தில் கிளட்ச், பின்பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை), டயர் என்று ரிப்பேருக்கு மட்டும் மாதம் சராசரி 6,000 போயிருந்தது.

இரண்டாவது, குட்டியானை. 2005இல் டாடா ஏஸ் வந்த நாளிலிருந்து டெல்டாவில் அந்த ரகத்துக்கு இதுதான் பெயர். எந்த வரப்போரத்திலும் திரும்பும். ஆனால் முக்கால் டன் அளவு வண்டி அது. எங்கள் 81 நாளில் 36 நாள் பாரம் 800ஐத் தாண்டியிருக்கிறது. வாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓவர்லோடு ஏற்றுவார்கள் என்பது தெரிந்த விஷயம். அதனால் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, வண்டியே இல்லாமல் வாடகையில் ஓட்டுவது. இலை வியாபாரத்துக்கு இது ஒத்துவராது. ராத்திரி பதினொரு மணிக்கு முகூர்த்த நாளில் வாடகை வண்டி கிடைப்பது நம் கையில் இல்லை.

நாலாவது, 1.3 டன் அளவு நடுத்தர பிக்கப். பாடி ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு, வண்டி மொத்தம் பதினாலரை அடி. தார், கட்டு வைக்கும் இடம் பழையதைவிட எட்டில் ஒரு பங்கு போலக் குறையும். கணவர் தயங்கியது இதற்காகத்தான். இலைக்கு எடையைவிட இடம் முக்கியம் என்றார். நியாயமான கேள்வி. ஓட்டுநர் வீட்டு வாசலில் பழைய வண்டியின் பாடியில் பின்பக்கம் ஒன்றேகால் அடியைச் சாக்கால் மறைத்து, மீதி இடத்தில் வழக்கமான ஒரு நாள் லோடை அடுக்கிக் காட்டினார். 50 தார், 20 கட்டு. கொள்ளத்தான் செய்தது. கணவர் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அன்றைக்குத்தான் அவர் மனசு மாறியது.

மிச்சமாகும் என்று சொல்லப்பட்டவை

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் சிலது சரி, சிலது இல்லை. இதை விவரமாக எழுதக் காரணம், தப்பான கணக்கில் வண்டி மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சின்ன வண்டிக்கு இன்சூரன்ஸ் குறையும் என்றார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் குறையாது. சரக்கு வாகனத்துக்கு முதல் படியே மொத்த எடை (வண்டியும் ஏற்றும் பாரமும் சேர்த்து) 7,500 கிலோ வரை. இரண்டு வண்டியும் அதே படிக்குள்தான். 2022 ஜூன் முதல் அந்தப் படிக்கு அடிப்படை பிரீமியம் 16,049 ரூபாய். புது வண்டிக்குச் சொந்தச் சேத பிரீமியம் கூடும் என்பதால் மொத்தச் செலவு ஏறவே செய்தது.

லைசென்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். ஓட்டுநரிடம் இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. இதிலும் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் இல்லை.

பர்மிட்டில் மட்டும் வித்தியாசம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 66ஆவது பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. பழைய வண்டி ஏறக்குறைய மூன்றரை டன், பர்மிட் வேண்டும். புதியது 2,600 கிலோவுக்குள். வாங்கும் முன் வண்டியின் மொத்த எடையை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வரும் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். விற்பனை ஆள் சொல்வது ஏற்றும் எடை, சட்டம் பார்ப்பது மொத்த எடை. இரண்டும் வேறு.

டீசலைப் பொறுத்தவரை, மாதம் 2,600 கிலோமீட்டர். பழையது லிட்டருக்கு 11 கொடுத்தது, அதாவது 236 லிட்டர். புதியது 15 கொடுத்தால் 173 லிட்டர். 63 லிட்டர் மிச்சம். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 5,900. புது வண்டிக்குப் பழையதை விற்ற காசு போக 5 லட்சம் கடன், 48 மாதம், பத்தரை சதவீத வட்டி. மாதத் தவணை 12,800. ஆகவே டீசல் மிச்சத்தை மட்டும் நம்பி இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் மாதம் ஏழாயிரம் கைநஷ்டம். பழைய வண்டி மூன்று நாலு வருட வண்டியாக இருந்திருந்தால் மாற்ற வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ரிப்பேர், கொல்லைக்குள் போகும் வசதி, கூலி மூன்றையும் சேர்த்த பிறகுதான் தராசு சாய்ந்தது.

பழைய நடுத்தர வண்டி ஒன்றையும் தேடினோம். பார்த்த மூன்றில் இரண்டு செங்கல் காளவாசலில் ஓடியவை. ஒன்றின் சேஸிஸில் வெல்டிங் போட்ட தடம் பெயின்ட்டுக்கு அடியில் தெரிந்தது. ஓட்டுநர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். புதிது என்று முடிவானது.

2024 மே முதல் ஜூன் வரை: வாங்கியதும் விற்றதும்

மே மாதம் புது வண்டி வந்தது. பழையதை ஜூனில் ஒரு தரகர் மூலம் மயிலாடுதுறைப் பக்கம் ஒருவருக்கு விற்றார்கள். 4 லட்சத்து 60 ஆயிரம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். “பத்து நாள்ல பேர் மாத்திடுறோம்” என்று தரகர் சொன்னதை நம்பி விட்டுவிட்டார்கள்.

செப்டம்பரில் கணவரின் போனுக்கு ஒரு அபராதச் செய்தி வந்தது. பழைய வண்டியில் யாரோ சவுக்குக் கம்புகளைப் பாடிக்கு வெளியே நீட்டி ஏற்றிப் போயிருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 20,000 ரூபாய். பெயர் மாறவே இல்லை. அபராதம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. விபத்து நடந்திருந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. வாங்கியவரைக் கூட்டி வந்து, அபராதத்தை அவரே கட்டி, பெயர் மாறி முடிய அக்டோபர் ஆயிற்று. இதில் என் பங்குத் தவறும் உண்டு. விற்ற தகவலை 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். புது வண்டி வேலையில் அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

2024 ஜூலை, ஆகஸ்ட்: ஈரத்தில் சோதனை

அந்த வருடம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. தண்ணீர் இல்லை. அதனால் மே, ஜூன் இரண்டு மாதமும் கரைகள் காய்ந்தே கிடந்தன. புது வண்டி மதகு வளைவில் ஒரே மூச்சில் திரும்பிக் கொல்லை ஓரம் போய் நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் மழை வரட்டும் என்றேன்.

மழைக்கு முன்னாலேயே வெள்ளம் வந்துவிட்டது. ஜூலை 28இல் அணை திறந்தார்கள். இரண்டே நாளில் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது, உபரி நீர் முழுக்கக் கொள்ளிடத்தில் திரும்பியது. கொள்ளிடக் கரைப் படுகையில் இருந்த அவர்களது பூவன் கொல்லையில் தார் முக்கால் பருவம். தண்ணீர் ஏறினால் மரம் சாயும். கிடைத்த விலைக்கு வெட்டிவிடலாம் என்று இரண்டு நாளில் வெட்டினார்கள். வாடகைக்கு இன்னொரு வண்டி கேட்டால், ஊரில் எல்லாக் கொல்லைக்காரர்களுக்கும் அதே அவசரம். கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, வண்டியில் 130 தார் ஏறியது. 1,800 கிலோவுக்கு மேல். கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவில், ‘டப்’ என்று ஒரு சத்தம், வண்டி இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. பின்பட்டையில் மெயின் பட்டை ஒடிந்திருந்தது. வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. ஓவர்லோடு என்பதால் வாரண்டி பேச முடியாது, கேட்கவும் இல்லை. பட்டை மாற்ற 7,000 சொச்சம். நாற்பது தார் அந்தச் சரிவிலேயே கிடந்து அடிபட்டது.

அன்றைக்கு அவர்கள் ஏற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா செய்த காரியம் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தது. 80 தாரை அடுக்கச் சொல்லி, அது எந்த உயரம் வருகிறதோ அங்கே பாடியின் உள்பக்கமும் முன் கம்பியிலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். 80 தார் என்றால் 1,120 கிலோ. “நான் இல்லாத நேரத்துலயும் இந்தக் கோடு இருக்கும்ல” என்றார். அப்போதிலிருந்து கோட்டுக்கு மேல் தார் ஏறவில்லை. இலைக்கட்டு மேலே வரலாம், அதுவும் நனையாத கட்டாக இருந்தால் மட்டும்.

வேறு இரண்டு தொந்தரவுகளும் வந்தன. வெறும் வண்டி ஈர மண்ணில் பின்சக்கரம் சுழல ஆரம்பித்தது. பின்னால் பாரம் இல்லாததுதான் காரணம். பாடியில் நாலு மணல் மூட்டை போட்டதும் சரியாயிற்று. இன்னொன்று, புகை வடிகட்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வரும் டீசல் வண்டிகள் பலவற்றில் இது இருக்கிறது. கரையில் பத்து, பதினைந்து வேகத்தில் உருட்டி, 13 கிலோமீட்டரில் தஞ்சாவூர் போய் நிறுத்தினால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிவதற்குச் சூடு போதாது. ஒரு நாள் டேஷ்போர்டில் லைட் எரிந்து வண்டி இழுவை குறைந்துபோனது. இப்போது வாரம் ஒருமுறை திருச்சி லோடு போகும்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறோம். பிறகு அந்த லைட் வரவில்லை.

ஒரு வருடக் கணக்கு

2025 மே மாதம் நோட்டை மூடிக் கணக்குப் பார்த்தோம். டீசல் மிச்சம் எதிர்பார்த்தபடி மாதம் 5,900க்குப் பக்கம். ரிப்பேர் மிச்சம் 4,000, பட்டைச் செலவு உட்பட. தலைச்சுமைக் கூலி மாதம் 12,000 குறைந்தது. எதிர்ப்பக்கம் தவணை 12,800, இன்சூரன்ஸ் கூடுதல் 1,500, பாரம் கூடிய நாட்களில் எடுக்கும் வாடகை வண்டிக்குச் சராசரி 4,500. ஆக மாதம் மூவாயிரம் சொச்சம் கையில் நிற்கிறது. தவணை முடிந்த பிறகு அது பதினாறாயிரத்தைத் தொடும், அதற்குள் புது வண்டியும் ரிப்பேர் கேட்க ஆரம்பிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாடகைச் செலவு 4,500 ஆனது என் கணிப்பு தப்பியதால். நான் 2,500 என்று போட்டிருந்தேன். மூன்று மாதம் எழுதிப் பார்த்தோமே, அது மார்கழியைச் சேர்த்த மூன்று மாதம். மார்கழியில் கல்யாணம் இல்லை, இலை ஓட்டம் படுத்துவிடும். ஆவணியில் முகூர்த்தம் கூடியபோது ஒரே மாதத்தில் பதினொரு நாள் கோட்டைத் தாண்டும் அளவு பாரம் வந்து, மிச்சத்துக்கு வாடகை வண்டி தேவைப்பட்டது. டெல்டா இலை வியாபாரியின் வண்டியை மார்கழியை வைத்து அளந்தது என் தவறு.

அந்த 12,000 கூலி மிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அது எங்கிருந்தோ வந்த பணம் இல்லை. மாதம் பத்து நாள், இரண்டு பேர், நாளுக்கு 600 ரூபாய். அந்த இரண்டு பேரும் இருபது வருடமாக அந்தக் கொல்லைகளில் தார் சுமந்தவர்கள். ஒருவருக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம் வந்து, டாக்டர் சுமை தூக்கக் கூடாது என்றே சொல்லியிருந்தார். வேலை குறைந்தது அவர் உடம்புக்கு நல்லது, அவர் வீட்டுக்கு இல்லை. நான் முதல் கணக்குத் தாளில் இதை ‘மிச்சம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தேன். அம்மாதான் அதில் விரலை வைத்து, “இது ரெண்டு பேரோட சோறு சார்” என்றார்.

அவர்கள் செய்தது: கழுத்து வலிக்காரருக்கு இலை அறுத்துக் கட்டுக் கட்டும் வேலை, மாதம் ஆறேழு நாள். மற்றவர் ஆவணி, தை மாதங்களில் வாடகை வண்டியோடு லோடு ஏற்றப் போகிறார். பழைய வருமானம் முழுதாகத் திரும்பவில்லை. முக்கால் பங்கு போல வருகிறது.

மறுபடி செய்வதானால்

ட்ரிப் நோட்டு ஆவணியிலிருந்து தை வரை ஓட வேண்டும். ஆறு மாதம் பொறுக்க முடியாது என்றால், பழைய வருட விற்பனைச் சீட்டுகளை வைத்தாவது ஆவணி, ஐப்பசிப் பாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வண்டி வாங்கும் முன்பே இரண்டு வாடகை வண்டிக்காரர்களோடு முகூர்த்த நாள், பொங்கல், வெள்ள அவசரம் இவற்றுக்குப் பேசி வைத்திருக்க வேண்டும். இப்போது அரியலூர்ப் பக்கத்து ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறார்கள். கொள்ளிடத்துக்கு அக்கரை என்பதால், இங்கே எல்லாருக்கும் அவசரம் வரும் அதே நாளில் அவரும் மாட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. மஞ்சள் கோடு முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. பழைய வண்டியின் சாவியைப் பெயர் மாற்றத்துக்கான ரசீது கைக்கு வந்த பிறகுதான் கொடுத்திருக்க வேண்டும்.

விலை விஷயத்தில் ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. இதே முடிவை இப்போது எடுப்பவருக்குத் தவணை எங்கள் கணக்கைவிடக் குறைவாக வரும். அதனால் மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் நோட்டை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

கணவர் கவலைப்பட்ட நம்பிக்கை விஷயம்: வாசலில் சின்ன வண்டி நிற்பதைப் பார்த்து எந்தக் கொல்லைக்காரரும் அட்வான்ஸ் வாங்க மறுக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் விசாரித்திருக்கிறார்கள், வியாபாரம் சுருங்கிவிட்டதா என்று. அதில் ஒருவர் கொல்லை, மதகுக்கு உள்ளே இருப்பது. முன்பெல்லாம் தலைச்சுமைக் கூலி கழித்துத்தான் அவருக்கு விலை போட முடிந்தது. இப்போது தாருக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்கிறார்கள். அவர் இந்த வருடம் அட்வான்ஸை இவர்களிடமே வாங்கியிருக்கிறார்.